மூத்த கூடைப்பந்து நட்சத்திரங்களிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதிகளில் கூடைப்பந்து ஆடுகிறவர்களும், விடியற்காலையில் கைப்பேசியில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களும் மூத்த வீரர்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தர முயன்றுள்ளோம். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே ஒவ்வொரு வீரரின் ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகியிருப்பதால், விவாதத்தை நினைவில் மட்டும் நிறுத்தாமல் கணக்கில் நிறுத்த முடிகிறது.

எந்த வயதிலிருந்து ஒரு கூடைப்பந்து வீரரை மூத்த வீரர் என்று கொள்வது?

35 என்பது நடைமுறையில் பொருத்தமான எல்லை. நட்சத்திர வீரர்கள் தக்க காரணமின்றி ஆட்டங்களைத் தவிர்ப்பதைக் கட்டுப்படுத்த என்.பி.ஏ. 2023-இல் கொண்டுவந்த விதியிலேயே இந்த எல்லை இடம்பெற்றிருக்கிறது. சீசன் தொடங்கும் நாளில் 35 வயதானவர்கள், அல்லது லீக் ஆட்டங்களில் 34,000 நிமிடங்கள் ஆடி முடித்தவர்கள், அல்லது பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) உட்பட 1,000 ஆட்டங்களைக் கடந்தவர்கள், அடுத்தடுத்த நாள்களில் வரும் இரண்டு ஆட்டங்களில் ஒன்றில் ஓய்வெடுப்பதற்கு முன்கூட்டியே அனுமதி பெறலாம். பிறந்த ஆண்டை மட்டும் பார்க்காமல் களத்தில் கழிந்த நிமிடங்களையும் அந்த விதி கணக்கில் எடுத்துக்கொள்வது சரியானது என்றே நான் கருதுகிறேன். பள்ளிப்படிப்பு முடிந்ததும் 18 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவருடைய 33-ஆம் வயதும், கல்லூரியை முடித்து 22 வயதில் வந்தவருடைய 33-ஆம் வயதும் ஒன்றல்ல.

வயதாகும்போது உண்மையில் எது குறைகிறது? திறமையா, வேகமா?

வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் முப்பதுகளில் மெலியத் தொடங்குவதால் முதல் அடியின் வெடிப்பும் குதிக்கும் உயரமும் குறைகின்றன. இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஆண்டு சற்றே இறங்குகிறது. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையின் பல மடங்கைத் தாங்கிய முழங்கால் குருத்தெலும்பும் குதிகால் நாணும் தேய்மானத்தைக் காட்டத் தொடங்குகின்றன. அதே வேளையில் எறியும் கையின் துல்லியமும், எதிராளி எங்கே நகரப்போகிறார் என்று முன்னதாகவே கணிக்கும் அறிவும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. நாற்பது வயதிலும் ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) தவறாமல் போடுகிறவர்களை நம் ஊர்க் களங்களிலேயே பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பட்டியலைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலான ரசிகர்கள் கவனிப்பதில்லை. மூத்த வீரரிடம் முதலில் குறைவது அவருடைய சிறந்த ஆட்டத்தின் உயரம் அன்று. அந்தச் சிறந்த ஆட்டத்தை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் திரும்பத் தரும் ஆற்றல்தான். கொங்குப் பகுதியின் பழைய இறவைக் கிணற்றை வைத்து இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம்: தண்ணீரின் சுவையும் மாறாது, நிறைந்திருக்கும்போது மட்டமும் மாறாது, ஆனால் இறைத்து முடித்தபின் மறுபடி ஊறுவதற்கு முன்பைவிட நெடுநேரம் பிடிக்கும்.

மைக்கேல் ஜோர்டன் 38 வயதில் வாஷிங்டன் விசர்ட்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, 2001 டிசம்பர் 27 அன்று இந்தியானா அணிக்கு எதிராக வெறும் 6 புள்ளிகள் எடுத்தார். தொடர்ந்து 866 ஆட்டங்களில் இரட்டை இலக்கத்தை எட்டி வந்த அவருடைய வரிசை அன்றோடு முடிந்தது. அவருடைய காலம் முடிந்தது என்று எழுதத் தொடங்கியவர்கள் இரண்டே நாள் பொறுத்திருக்கலாம். டிசம்பர் 29 அன்று சார்லட் அணிக்கு எதிராக அதே ஜோர்டன் 51 புள்ளிகள் எடுத்தார். இந்த இரண்டு எண்களில் எது உண்மையான ஜோர்டன் என்று கேட்பது வீண். இரண்டும் அவர்தான். 28 வயது ஜோர்டனிடம் இந்த இரண்டுக்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் இருந்ததில்லை என்பதுதான் வயதின் கணக்கு.

40 வயதிலும் லெப்ரான் ஜேம்ஸ் ஆடினாரே? மற்றவர்களும் உடலைப் பேணினால் முடியாதா?

இந்தக் கேள்வியைத்தான் மிக அதிகமாகக் கேட்கிறார்கள். மூத்த வீரர்களுக்கு மிக அதிகமாகத் தீங்கு செய்வதும் இதே கேள்விதான்.

லெப்ரான் 1984 டிசம்பர் 30 அன்று பிறந்தவர். கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 வாழ்நாள் புள்ளிகள் என்ற சாதனையை 2023 பிப்ரவரி 7 அன்று தாண்டினார். 2024 மார்ச்சில் 40,000 புள்ளிகளை எட்டிய முதல் வீரரானார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 39 வயதில் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2024-25 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 24.4 புள்ளிகள் எடுத்தார். என்.பி.ஏ. வரலாற்றில் இதற்கு நிகராகக் காட்டுவதற்கு இன்னொருவர் இல்லை. ஒருவர் மட்டுமே செய்த ஒன்றை எல்லோருக்கும் அளவுகோலாக வைத்துவிட்டு, அதை எட்டாத மற்றவர்களை ஒழுக்கமற்றவர்கள் என்றோ சோம்பேறிகள் என்றோ பேசுவது நியாயமன்று.

உடலைப் பேணினால் எல்லாம் முடியும் என்ற நம்பிக்கைக்குக் கார்ல் மலோனின் கதையே போதிய மறுமொழி. உடற்கட்டுக்குப் பெயர்போன அவர், உட்டா ஜாஸ் அணிக்காக ஆடிய 18 சீசன்களில் மொத்தமாகத் தவறவிட்டது 10 ஆட்டங்கள் மட்டுமே. சாம்பியன் பட்டத்தைத் தேடி 40 வயதில் லேக்கர்ஸ் அணிக்கு வந்த 2003-04 சீசனில் முழங்கால் காயத்தால் அவர் ஆட முடிந்தது 42 லீக் ஆட்டங்கள்தான். ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கேரி பேட்டன், மலோன் என்று நான்கு பெரிய பெயர்களைக் கொண்ட அந்த அணி, இறுதிப் போட்டியில் டெட்ராய்ட் அணியிடம் 4-1 என்று தோற்றது. மலோன் உடலைப் பேணவில்லை என்று எவராலும் சொல்ல முடியாது.

லெப்ரானிடமே எதிர்பார்ப்பு எப்படித் திரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவருடைய லேக்கர்ஸ் அணி பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே 4-1 என்று வெளியேறியபோது, அணியின் அமைப்பையும் எதிரணிகளின் தரத்தையும் பேசியவர்களைவிட, அவர் ஏன் 2016-இல் ஆடியதுபோல் ஆடவில்லை என்று கேட்டவர்களே அதிகம். எட்டு ஒன்பது ஆண்டுகள் மூத்துவிட்ட ஒருவரிடம் கேட்கும் கேள்வியா இது?

ஜோர்டனின் வாஷிங்டன் ஆண்டுகள் தோல்வி என்று சொல்வது சரியா?

சரியன்று. அவர் வருவதற்கு முந்தைய சீசனில் அந்த அணி 82 ஆட்டங்களில் 19-ஐ மட்டுமே வென்றிருந்தது. அவர் ஆடிய இரு சீசன்களிலும் 37 ஆட்டங்களை வென்றது. முதல் சீசனில் முழங்கால் தொல்லையால் 60 ஆட்டங்களோடு நின்றவர், அடுத்த சீசனில் 40 வயதைக் கடந்துகொண்டே 82 ஆட்டங்களிலும் ஆடி, சராசரியாக 20 புள்ளிகள் எடுத்தார். 2003 பிப்ரவரியில், 40-ஆவது பிறந்த நாள் முடிந்த சில நாள்களிலேயே நியூ ஜெர்சி அணிக்கு எதிராக 43 புள்ளிகள் எடுத்து, அந்த வயதில் 40 புள்ளிகளைத் தொட்ட முதல் வீரர் ஆனார். வேறு எந்த வீரர் இதைச் செய்திருந்தாலும் சிலை வைத்திருப்பார்கள். பிளேஆஃபுக்கு அணியைக் கொண்டுசெல்லவில்லை என்ற ஒரே குறையை முன்னிறுத்தி அதை இன்றுவரை தவிர்த்திருக்க வேண்டிய பின்னிணைப்பாகவே பேசுகிறார்கள். ஆறு பட்டங்கள் வென்ற சிகாகோ ஜோர்டனோடுதான் வாஷிங்டன் ஜோர்டனை ஒப்பிடுகிறார்கள். அந்த வயதில் ஆடிய மற்றவர்களோடு ஒப்பிடுவதில்லை.

கோபி பிரையன்ட் தன் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்தாரே? அப்படியானால் அந்த ஆண்டு முழுவதும் ஏன் அப்படி ஆடவில்லை?

2016 ஏப்ரல் 13 அன்று உட்டா அணிக்கு எதிராக அவர் எடுத்த 60 புள்ளிகளுக்கு 50 எறிதல்கள் தேவைப்பட்டன. அவற்றில் 22 கூடையில் விழுந்தன. அந்த சீசனில் லேக்கர்ஸ் 17 ஆட்டங்களை வென்று 65-இல் தோற்றது. கோபியின் எறிதல் விகிதம் 36 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அடுத்த நாள் ஆட்டம் இல்லை, அடுத்த வாரமும் இல்லை, இனி எப்போதும் இல்லை என்று தெரிந்த ஒருவர் உடலில் மிச்சமிருந்ததை எல்லாம் ஒரே இரவில் செலவிட்டார். அதை ரசிப்பதில் தவறில்லை. நானும் இன்றுவரை அதை எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அதிலிருந்து ஒரு சீசனின் தரத்தை ஊகிக்கக் கூடாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2012-13 சீசனில் லேக்கர்ஸ் மீது வைக்கப்பட்ட எதிர்பார்ப்பு அளவு கடந்தது. 38 வயது ஸ்டீவ் நாஷ் வந்திருந்தார். டுவைட் ஹோவர்டு வந்திருந்தார். பட்டம் உறுதி என்று பேசப்பட்டது. நாஷ் தம்முடைய இரண்டாவது ஆட்டத்திலேயே காலில் அடிபட்டார். லேக்கர்ஸில் இருந்த மூன்று சீசன்களில் அவர் லீக்கில் ஆடியவை மொத்தம் 65 ஆட்டங்கள். சரிந்துகொண்டிருந்த அணியைப் பிளேஆஃபுக்குள் தள்ள, 34 வயது கோபி கடைசி வாரங்களில் ஏறத்தாழ ஆட்டம் முழுவதும் களத்தில் நின்றார். 2013 ஏப்ரல் 12 அன்று அவருடைய குதிகால் நாண் அறுந்தது. அதன்பின் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டுவிட்டு வெளியேறிய காட்சியை வீரத்தின் அடையாளமாகப் பகிர்கிறார்கள். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்த நிமிடக் கணக்கை எவரும் பகிர்வதில்லை. அடுத்த இரு சீசன்களில் அவர் ஆடியவை 6 ஆட்டங்களும் 35 ஆட்டங்களும்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவரிடம் அந்தச் சம்பளத்துக்கேற்ற ஆட்டத்தை எதிர்பார்ப்பது எப்படித் தவறாகும்?

நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சம்பளம் எப்படி நிர்ணயமாகிறது என்று பார்த்தால் எதிர்பார்ப்பின் பிழை எங்கே தொடங்குகிறது என்பது புலப்படும்.

என்.பி.ஏ.யில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு வீரர் பெறக்கூடிய அதிகபட்சச் சம்பளம் அந்த வரம்பின் ஒரு பங்காகவே கணக்கிடப்படுகிறது. பொதுவாக ஆறு ஆண்டு வரை அனுபவம் உள்ளவருக்கு 25 சதவீதம், ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள் என்றால் 30 சதவீதம், பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ என்றால் 35 சதவீதம். ஆகவே உடல் உச்சத்தில் இருக்கும் 25 வயதில் குறைவாகவும், உடல் இறங்கத் தொடங்கும் 33, 34 வயதில் மிக அதிகமாகவும் பெறும்படி அமைப்பே வழிவகுத்திருக்கிறது. மூத்த வீரரின் சம்பளத்தில் ஒரு பகுதி, அவர் இளமையில் உழைத்ததற்குத் தாமதமாக வந்து சேரும் கூலி. ரசிகரோ அதை இன்றைய ஆட்டத்தின் விலை என்று படிக்கிறார்.

கோபி காயத்திலிருந்து திரும்புவதற்கு முன்பே, 2013 நவம்பரில், லேக்கர்ஸ் அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 4.85 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அதை அவர் பேராசையால் வாங்கினார் என்று திட்டினார்கள். கொடுத்தது நிர்வாகம்; அதுவும் குதிகால் நாண் அறுந்த 35 வயது வீரருக்கு என்று தெரிந்தே கொடுத்தது. அவருடைய பெயர் நிரப்பும் இருக்கைகளையும் தொலைக்காட்சி வருமானத்தையும் கணக்கிட்டுத்தான் அந்தத் தொகை. வணிகக் கணக்குக்காகக் கொடுக்கப்பட்ட பணத்துக்குக் களத்தில் கணக்குக் கேட்பது வீரரை மட்டும் தண்டிப்பதாகிறது. மாறாக, டிம் டங்கன் 2012-இல் தம் சம்பளத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொண்டு சான் அன்டோனியோவிலேயே தொடர்ந்தார். அது அவருடைய பெருந்தன்மை. அதை மற்ற எல்லோருக்கும் கடமையாக்குவது இன்னொரு பொருந்தா எதிர்பார்ப்பு.

நட்சத்திரத்தின் பெயரை நம்பி அணி நிர்வாகங்களே ஏமாந்ததுண்டா?

உண்டு. 2013-இல் புரூக்ளின் நெட்ஸ் அணி செய்த பரிமாற்றம் இதற்குப் பாடப்புத்தகத்தில் வைக்கத் தகுந்த எடுத்துக்காட்டு. பாஸ்டன் அணிக்கு 2008-இல் பட்டம் வாங்கித் தந்த கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளின் வாங்கியது. அப்போது கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 35. பதிலுக்கு 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளையும், 2017-இல் தேர்வை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே அங்கே ஓர் அணியின் எதிர்காலம். அந்த எதிர்காலத்தின் ஐந்தாண்டை உடனடிப் பட்டத்துக்காக எழுதிக்கொடுத்தார்கள்.

நடந்தது என்ன? அந்த சீசனில் கார்னெட் ஆட்டத்துக்குச் சுமார் 20 நிமிடங்கள் ஆடி, 6.5 புள்ளிகள் எடுத்தார். அணி இரண்டாம் சுற்றில் மயாமியிடம் 4-1 என்று தோற்றது. பியர்ஸ் ஓராண்டிலேயே விலகினார். கார்னெட் 2015 பிப்ரவரியில் மின்னசோட்டா சென்றார். 2016-17 சீசனில் புரூக்ளின் 20 ஆட்டங்களை மட்டுமே வென்று லீக்கின் கடைசி இடத்தில் நின்றது. அந்தத் தோல்விகளின் பலனான முதல் தேர்வுகூட பாஸ்டனுக்குத்தான் போனது. பாஸ்டன் 2016 தேர்வில் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2017-இல் கிடைத்த முதலிடத்தைப் பிலடெல்பியாவுடன் மாற்றிக்கொண்டு மூன்றாமிடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்தது. அந்த இருவரும் 2024-இல் பாஸ்டனுக்குப் பட்டம் வென்று கொடுத்தார்கள்.

கார்னெட்டும் பியர்ஸும் சோம்பி ஆடினார்கள் என்று எவரும் குற்றம் சொல்லவில்லை. 37 வயது வீரர் ஆடக்கூடிய அளவே கார்னெட் ஆடினார். புரூக்ளின் வாங்க நினைத்தது 2008-இன் கார்னெட்டை. 2013-இல் சந்தையில் இருந்தவர் அவர் அல்லர்.

உடல் நலத்தோடு இருக்கும் நட்சத்திரத்துக்கு ஓய்வு கொடுப்பது, காசு கொடுத்து வரும் ரசிகரை ஏமாற்றுவது ஆகாதா?

ஓரளவுக்கு ஆகும். ஊர் விட்டு ஊர் வந்து நுழைவுச்சீட்டு வாங்கிய ரசிகரின் ஏமாற்றம் உண்மையானது. 2012 நவம்பரில் சான் அன்டோனியோ பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச், மயாமியுடனான ஆட்டத்துக்கு முன்பாக டங்கன், ஜினோபிலி, பார்க்கர், கிரீன் ஆகிய நால்வரையும் வீட்டுக்கு அனுப்பியபோது என்.பி.ஏ. அந்த அணிக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச்சில், டங்கன் ஆடாததற்கான காரணமாக ஆட்டக் குறிப்பில் ‘முதுமை’ என்றே எழுதப்பட்டதும் நினைவிருக்கலாம். கூடைப்பந்து ஆட்டக் குறிப்புகளில் இதைவிட நேர்மையான நகைச்சுவையை நான் கண்டதில்லை.

அந்த ஓய்வின் பலனை 2013-14 சீசன் காட்டியது. அந்த ஆண்டு சான் அன்டோனியோவில் எந்த வீரரும் ஆட்டத்துக்குச் சராசரியாக 30 நிமிடங்கள் ஆடவில்லை. இருந்தும் 62 ஆட்டங்களை வென்று, இறுதியில் மயாமியை 4-1 என்று வீழ்த்திப் பட்டம் பெற்றார்கள். டங்கனுக்கு அப்போது 38 வயது. நவம்பரில் ஓர் இரவைக் கொடுத்து ஜூனில் ஒரு பட்டத்தை வாங்குகிற கணக்கு அது. 82 ஆட்டங்களையும் ஆட வேண்டும், பிளேஆஃபிலும் பழைய வேகத்தில் ஆட வேண்டும் என்று இரண்டையும் ஒருசேர எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடுவதில்லை.

தோற்ற மறுநாளே மூத்த வீரரை ஒதுக்கச் சொல்வது ஏன் தவறு?

1985 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸ் பாஸ்டனிடம் 148-114 என்று நொறுங்கியது. 38 வயது கரீம் அப்துல் ஜப்பார் 12 புள்ளிகளும் 3 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) மட்டுமே எடுத்தார். மூன்று நாள் கழித்து நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 30 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் எடுத்தார். லேக்கர்ஸ் தொடரை 4-2 என்று வென்றது. தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. இடையில் கிடைத்த அந்த ஓய்வு நாள்களைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. கோவையிலும் கரூரிலும் நடக்கும் போட்டிகளுக்கு இதில் என்ன பொருத்தம்?

நேரடிப் பொருத்தம் உண்டு. சொல்லப்போனால் நம் போட்டிகளின் அமைப்பு மூத்த வீரர்களை இன்னும் கடுமையாகச் சோதிக்கிறது.

கோவையின் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, கரூரின் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை போன்ற அகில இந்தியப் போட்டிகளுக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, கேரள மின்வாரியம், ரயில்வே போன்ற நிறுவன அணிகள் வருவது வழக்கம். இத்தகைய போட்டிகள் லீக் சுற்றும் நாக் அவுட் சுற்றுமாக ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அதாவது இறுதிப் போட்டிக்குச் செல்லும் அணி ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் ஆட வேண்டும். என்.பி.ஏ.யில் அடுத்தடுத்த இரண்டு நாள் ஆடுவதற்கே மூத்தவர்களுக்கு விதிவிலக்கு இருக்கிறது. இங்கே நான்கைந்து நாள் தொடர்ச்சியாக ஆட்டம். முதல் இரண்டு நாள் எதிரணியைத் திணறடித்த 36 வயது வீரர், அரையிறுதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் கால் எழாமல் நிற்பதைக் களத்தைச் சுற்றி நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். ‘பெரிய ஆட்டம்னா அண்ணன் பதறிடுவாரு’ என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. அவர் பதறுவதில்லை, உடல் மீள்வதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

தளமும் ஒரு காரணம். பெரிய கல்லூரிகளின் உள்ளரங்குகளை விட்டால் நம் பகுதியின் பெரும்பாலான களங்கள் திறந்தவெளிச் சிமெண்ட் தளங்களே. மரத்தளம் குதித்து இறங்கும் அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். சிமெண்ட் எதையும் வாங்கிக்கொள்ளாமல் முழங்காலுக்கே திருப்பிக் கொடுக்கும். பள்ளிப் பருவத்திலிருந்து இருபது ஆண்டுகள் அதில் ஆடியவரின் 35 வயது, மரத்தளத்தில் வளர்ந்தவரின் 35 வயதைவிட மூத்தது.

இன்னொரு வேறுபாடு நமக்குச் சாதகமானது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கியிலோ ரயில்வேயிலோ காவல் துறையிலோ சேர்ந்தவருக்கு, ஆட்டம் நின்றாலும் வேலை நிற்பதில்லை. எனவே உடல் சொல்வதைக் கேட்டு ஒதுங்குவதற்கு அவருக்கு வழி இருக்கிறது. ஆனாலும் பலர் ஒதுங்குவதில்லை. நிறுவனத்தின் பெயர் தன் தோளில் நிற்பதாக நினைப்பதும், ‘அண்ணனுக்குக் குடுங்க, அண்ணனுக்குக் குடுங்க’ என்று களத்தோரம் எழும் குரலும் அவரை விடுவதில்லை.

பெண்கள் ஆட்டத்திலும் இதே நிலைதானா?

எதிர்பார்ப்பு அங்கே வேறு வடிவம் எடுக்கிறது. ஆணிடம் முடியாததை எதிர்பார்க்கிறோம். பெண்ணிடம் முடிவதைக்கூட எதிர்பார்ப்பதில்லை. திருமணமோ குழந்தைப்பேறோ நடந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று வீட்டாரும் சங்கத்தாரும் தாமாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய மகளிர் அணியின் தலைவராகி, குழந்தை பிறந்த பின்னும் களத்துக்குத் திரும்பி, 2017 வரை இந்தியாவுக்காக ஆடினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் டயானா டவுராசி 2023-இல் 41 வயதில் ஓர் ஆட்டத்தில் 42 புள்ளிகள் எடுத்து, மகளிர் லீக்கில் 10,000 புள்ளிகளைக் கடந்த முதல் வீராங்கனை ஆனார். நம் மாவட்டங்களில் முப்பதைக் கடந்த பெண்கள் ஆடுவதற்கு அணிகளே மிகக் குறைவு என்பதால், அவர்களுடைய வயது என்ன செய்யும் என்று பார்க்கும் வாய்ப்பைக்கூட நாம் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.

உச்சத்தில் இருக்கும்போதே ஓய்வு பெறுவதுதானே மரியாதை?

யாருக்கு மரியாதை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வின்ஸ் கார்ட்டர் 2000-ஆம் ஆண்டு டங்க் (எகிறிக் குதித்துப் பந்தைக் கூடைக்குள் திணிப்பது) போட்டியில் உலகையே வாய்பிளக்க வைத்தவர். அவர் 22 சீசன்கள் ஆடி, 43 வயதில் விலகினார். கடைசி ஆண்டுகளில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து சில நிமிடங்கள் ஆடுவதையும் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் மனநிறைவோடு செய்தார். ஒரே அணிக்காக 21 சீசன்கள் ஆடிய டிர்க் நோவிட்ஸ்கியின் கடைசி ஆண்டுச் சராசரி 7.3 புள்ளிகள். இவர்களுடைய பெயர் அதனால் கெட்டுவிடவில்லை. உச்சத்தில் விலக வேண்டும் என்ற விருப்பம் பெரும்பாலும் நம்முடைய நினைவு கலையக் கூடாது என்பதற்காக எழுகிறது. அதற்காக ஒருவர் தாம் விரும்பும் ஆட்டத்தை விட வேண்டியதில்லை.

சிறு காணொளிகள் இந்த எதிர்பார்ப்பை வளர்க்கின்றனவா?

ஐயமில்லாமல் வளர்க்கின்றன. ஜோர்டனின் 51 புள்ளிகளைத் தேடினால் உடனே கிடைக்கும். இரண்டு நாள் முந்தைய 6 புள்ளிகளை எவரும் தொகுத்து வைப்பதில்லை. இருபது வயது ரசிகர் ஒருவர் ஒரு மூத்த வீரரைப் பற்றி அறிந்ததெல்லாம் அவருடைய சிறந்த முப்பது நொடிகள் மட்டும் என்றால், நேரலையில் காணும் சாதாரண ஆட்டம் அவருக்கு வீழ்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஒரு முழு ஆட்டத்தை, அதுவும் அந்த வீரரின் இளமைக்கால ஆட்டம் ஒன்றை, தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கச் சொல்லுங்கள். அன்றும் அவர் எத்தனை எறிதல்களைத் தவறவிட்டார் என்பது தெரியவரும்.

எங்கள் கிளப்பில் நாற்பதைக் கடந்த பழைய மாநில வீரர் ஒருவர் இருக்கிறார். அவரை அணியில் சேர்க்கலாமா? எப்படிப் பயன்படுத்துவது?

தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் சேர்ப்பதற்கு முன் அவருடைய பழைய சான்றிதழ்களைப் பார்க்காமல், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் களத்துக்கு வந்தார், ஆடிய மறுநாள் அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்பதைக் கேட்டறியுங்கள். 40 நிமிட ஆட்டத்தில் அவருக்கு 12 முதல் 16 நிமிடங்கள் போதும். அதையும் ஒரே வீச்சில் கொடுக்காமல், முதல் பாதியில் ஒரு பகுதியும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பகுதியுமாகப் பிரித்துக் கொடுங்கள். வேகமாகத் திரும்பி ஓட வேண்டிய எதிரணியின் கார்டை (பந்தை முன்னே நடத்திச் செல்லும் வீரரை) அவரிடம் ஒப்படைக்காதீர்கள். பந்தை எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே போடுவது, நெருக்கடியில் ஃப்ரீ த்ரோ போடுவது, தடுப்பாட்டத்தில் மற்றவர்களைக் குரல் கொடுத்து நிறுத்துவது ஆகியவற்றை ஒப்படையுங்கள். நாக் அவுட் போட்டியென்றால் எந்த நாள் அவர் ஆட மாட்டார் என்பதைப் போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்து, அவரிடமும் இளைய வீரர்களிடமும் சொல்லிவிடுங்கள். முதல் நாள் அவர் இருபது புள்ளிகள் எடுத்துவிட்டால் அந்த முடிவை மாற்றும்படி எல்லோரும் வற்புறுத்துவார்கள். அவரே முதலில் வற்புறுத்துவார். மாற்றாதீர்கள்.